கண்டக்டர் வேலைக்கும் டிகிரியா? 1976-லேயே கேட்ட பேராசிரியர்!

குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு போதும். ஆனால், பட்டதாரிகளும் முண்டியடிக்கிறார்கள். ஏன் இப்படி? 1976-லேயே இதற்குப் பதில் எழுதியவர் ரொனால்ட் டோர்.

1925-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராணுவத் தேவைக்காக ஜப்பானிய மொழி படித்தார். அதுவே அவரை ஜப்பானிய சமூகத்தை ஆராயும் அறிஞராக்கியது. பிறகு இங்கிலாந்து, ஜப்பான், இலங்கை, கென்யா என 4 நாடுகளின் கல்வியை ஒப்பிட்டு எழுதிய புத்தகம்தான், 'தி டிப்ளமா டிசீஸ்'. அதாவது, பட்டம் என்னும் நோய்!

அதில் ஒரு பஸ் கம்பெனி உதாரணம் வரும். கண்டக்டருக்குக் குறைந்த படிப்பு, கிளார்க்குக்குக் கூடுதல் படிப்பு என்பது வழக்கம். கூடுதலாகப் படித்தவர்கள் பெருகி, கிளார்க் வேலை கிடைக்காமல் போனால் கண்டக்டர் வேலைக்கு வருவார்கள். கம்பெனியும் அவர்களையே எடுக்கும். டிக்கெட் கொடுக்கும் வேலை மாறவில்லை. கேட்கும் படிப்பு மட்டும் ஏறிவிட்டது!

தாமதமாக முன்னேறும் நாடுகளில் இந்த ஓட்டம் இன்னும் கடுமையாக இருக்கும், பள்ளிகள் தேர்வுக்காகவே நடக்கும் என்றார் டோர். இலங்கையில் 1971-ல் வெடித்த கிளர்ச்சியில், படித்தும் வேலை கிடைக்காத இளைஞர்கள் ஏராளம்.

இதற்காகப் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. ஒரு குடும்பம் மட்டும் விலகினால், நஷ்டம் அந்தப் பிள்ளைக்குத்தான். மாற வேண்டியது ஆள் எடுக்கும் முறை. இளம் வயதிலேயே வேலையில் சேர்த்து, அங்கேயே கற்க விடுங்கள் என்பதே 2018-ல் மறைந்த டோர் சொன்ன மருந்து.