ஆய்வேட்டை முடித்தேன், அடுத்த வேலை வயலில்!

போன மாதம் என் முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு முடிந்தது. 56 வயதில் பகுதி நேரமாகப் பதிவு செய்தேன்; முடிக்கும்போது வயது 65. பைண்டிங் செய்த ஆய்வேடு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் ஊர் திரும்பினேன். மறுநாள் விடிகாலை நாலு மணிக்கு வழக்கம்போல முழிப்பு வந்தது. மேஜை முன்னால் போய் உட்கார்ந்தேன். எழுத ஒன்றும் இல்லை. எழுந்து போய் மாட்டுக் கொட்டகையைக் கூட்டினேன்.

"இவ்வளவு வருஷம் என்னதான் எழுதினீங்க?" என்று பக்கத்து நிலத்துக்காரர்கள் கேட்கிறார்கள். ஆய்வேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. அதில் உள்ளதை நம் பத்திரிகையில் தமிழில் சொல்லிவிடுவது என் கடமை. அதில் நமக்கு இனிப்பான செய்தியும் உண்டு, கசப்பான செய்தியும் உண்டு.

ஒரு கேள்வியில் தொடங்கியது

நான் 34 வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன். அதில் பாதிக்கு மேல் கிராமக் கிளைகள். பயிர்க்கடன் எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். எந்தப் பயிருக்கு ஏக்கருக்கு எவ்வளவு கடன் என்பதை மாவட்ட அளவிலான தொழில்நுட்பக் குழு வருஷாவருஷம் பரிந்துரைக்கும். 1998-ல் வந்த கிசான் கடன் அட்டையிலும் அந்தத் தொகைதான் அடிப்படை. அதை நிலப்பரப்பால் பெருக்கி, அறுவடைக்குப் பிந்திய செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும் 10 சதவீதம், பண்ணைப் பராமரிப்புக்கு 20 சதவீதம், பயிர்க் காப்பீடு எல்லாம் சேர்த்து வரம்பு போடுவோம்.

ஒரு நாள் இயற்கை விவசாயி ஒருவர் கடன் கேட்டு வந்தார். "உரம், மருந்து வாங்கின பில் எங்கய்யா?" என்று கேட்டேன். "நமக்கு உரக்கடை மாட்டுக் கொட்டகைதான் சார். மாடு பில்லு போடாதே" என்றார். சிரித்தேன். ஆனால் அந்த விண்ணப்பத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவருடைய சாகுபடிச் செலவு உண்மையில் எவ்வளவு? குறைவா, அதிகமா? வங்கியில் யாரிடமும் பதில் இல்லை. அதுவே என் ஆய்வுத் தலைப்பாயிற்று.

24 நோட்டுகள்

எங்கள் பகுதியில் சம்பா பட்டத்தில் பாரம்பரிய நெல் போடும் 24 குடும்பங்களிடம் ஆளுக்கு ஒரு நோட்டுக் கொடுத்தேன். தினமும் என்ன செலவு, என்ன வேலை என்று எழுதச் சொன்னேன். என் ஒரு ஏக்கர் கிச்சிலிச் சம்பாவுக்கும் தனி நோட்டுப் போட்டேன்.

முதல் வருஷம் பாதிப் பேர் எழுதவில்லை. சிலர் அறுவடை முடிந்து ஒரே நாளில், ஒரே பேனாவில், மொத்தத்தையும் எழுதிக் கொடுத்தார்கள். நடுவில் கொரோனா வந்து ஒரு பட்டம் வீணானது. நாலாவது வருஷம்தான் நம்பும்படியான கணக்குக் கைக்கு வந்தது. இயற்கை விவசாயத்தில் கைக்காசுச் செலவு குறைவு என்பதை அந்த நோட்டுகள் தெளிவாகக் காட்டின. உரம், பூச்சி மருந்து பத்தியே கிடையாது. சந்தோஷமாக நாலாவது இயலை எழுதி முடித்தேன்.

"நான் எங்கங்க இருக்கேன்?"

அந்த இயலை வீட்டில் ஒரு நாள் தமிழில் வாசித்துக் காட்டினேன். என் மனைவி நெல் புடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் கேட்டாள்: "ஏங்க, டிராக்டர் கூலி எழுதியிருக்கீங்க, நடவு ஆள் கூலி எழுதியிருக்கீங்க. ரெண்டு களை எடுத்தேனே, கரைசல் கலக்கினேனே, விதைநெல்லு காய வச்சு எடுத்தேனே. அதெல்லாம் எங்க எழுதியிருக்கு? நான் எங்கங்க இருக்கேன் இதுல?"

என்னிடம் பதில் இல்லை. 34 வருஷம் பற்று வரவு எழுதியவனுக்கு, வீட்டுக்குள்ளேயே ஒரு கணக்கு விட்டுப்போயிருந்தது.

நமக்கெல்லாம் இந்த விவரம் தெரியாததல்ல. மத்திய அரசின் வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் A2, A2+FL, C2 என்று மூன்று விதமாகச் செலவைப் பார்க்கிறது. கையிலிருந்து கொடுத்த செலவு A2. அதோடு கூலி வாங்காத குடும்ப உழைப்பின் மதிப்பைச் சேர்த்தால் A2+FL. சொந்த நிலத்துக்கான வாடகையும் சொந்த முதலுக்கான வட்டியும் சேர்ந்தால் C2. 'C2-வோடு 50 சதவீதம் சேர்த்து விலை கொடு' என்று ஊர்வலத்தில் கோஷம் போட்டவன்தான் நானும். என் சொந்த நோட்டில் A2-வோடு நின்றுவிட்டேன்.

நாலாவது இயலைக் கிழித்துப்போட்டேன். நோட்டில் 'வீட்டு ஆள்: ஆண் / பெண்' என்று இரண்டு பத்திகள் புதிதாகச் சேர்த்து, மறுபடி ஒரு சம்பா பட்டம் முழுக்க எழுத வைத்தேன். நெறியாளர், "சார், இன்னும் ஒரு வருஷமா?" என்று தலையில் கை வைத்தார். ஆனால் தடுக்கவில்லை.

என் ஏக்கர் கணக்கை மட்டும் இங்கே தருகிறேன். 75 கிலோ மூட்டையில் 16 மூட்டை விளைந்தது. கிலோ 30 ரூபாய் வீதம் 36,000. கைச்செலவு 15,000. மிச்சம் 21,000. இதைத்தான் கூட்டங்களில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி வீட்டு உழைப்பு: என் மனைவி 38 நாள், நான் 14 நாள். எங்கள் ஊர்க் கூலிப்படி பெண்ணுக்கு 300, ஆணுக்கு 600. அவளுக்கு 11,400, எனக்கு 8,400. கழித்தால் மிச்சம் 1,200 ரூபாய். அவள் நாளுக்கும் 600 என்று போட்டால் 10,200 ரூபாய் நஷ்டம். மாடு பார்த்த நேரத்தை இதில் சேர்க்கவே இல்லை.

மற்ற நோட்டுகளிலும் தொகை கூடக்குறைய இருந்தாலும் போக்கு இதுதான். கடையில் மிச்சமான காசின் பெரும் பங்கை வீட்டுப் பெண்களின் முதுகு கொடுத்திருக்கிறது.

எழுதலாமா, வேண்டாமா?

இயக்க நண்பர் ஒருவரிடம் இதைக் காட்டினேன். "உண்மைதான். ஆனா இதை எழுதினா உரக் கம்பெனிக்காரன் எடுத்துக்கிட்டு ஆடுவானே" என்றார். நியாயமான பயம். இரண்டு மாதம் நானும் தூக்கமில்லாமல் கிடந்தேன். அப்புறம் வங்கி அனுபவம்தான் கை கொடுத்தது. ஏட்டில் மறைத்து வைத்த வாராக்கடன் ஒரு நாள் வட்டியோடு வெளியே வரும். இங்கே அது எப்படி வருகிறது தெரியுமா? ஆசையாக இயற்கைக்கு மாறிய குடும்பம், மூணாவது வருஷம் "வீட்டம்மாவால முடியல" என்று மறுபடி களைக்கொல்லிக்குப் போகிறது. ஏன் போனார்கள் என்று நாம் கேட்பதில்லை. எழுதிவிட்டேன்.

தேர்வு நாளன்று எங்கள் ஊரிலிருந்து ஒரு வேனில் ஆட்கள் வந்திருந்தார்கள். பேராசிரியர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். கடைசியில் நோட்டு எழுதிய ஒரு அம்மா எழுந்து, "இதைப் படிச்சுட்டு பேங்குல எங்களுக்குச் சேர்த்துக் கடன் கொடுப்பாங்களா சார்?" என்றார். அதற்கு மட்டும் பதில் வரவில்லை. பட்டம் கொடுக்கலாம் என்று அறிவித்தார்கள், கை தட்டினார்கள். எனக்கு அந்த அம்மாவின் கேள்விதான் காதில் நின்றது.

இனி என்ன வேலை?

மூன்று வேலைகளைக் கையில் எடுத்திருக்கிறேன்.

முதலாவது, கடன் அளவு. இயற்கை வழிச் சாகுபடிக்குத் தனிக் கடன் அளவு கேட்டு, வீட்டு உழைப்பையும் காட்டும் நோட்டுகளோடு மாவட்டக் குழுவிடம் மனு கொடுக்கப் போகிறேன். அடுத்த வருஷத்துக்கான அளவை முடிவு செய்யும் முன்பே போக வேண்டும். 24 நோட்டு போதாது. நூறு நோட்டாவது வேண்டும்.

இரண்டாவது, வேலையைக் குறைப்பது. இந்தச் சம்பாவில் வரிசை நடவு போட்டு கோனோவீடர் ஓட்டப் போகிறேன். ஓட்டுவது நான். ஜீவாமிர்தத்தையும் வீட்டுக்கு வீடு 200 லிட்டர் டிரம்மில் கலக்காமல், நாலு வீடு சேர்ந்து ஒரே தொட்டியில் முறை வைத்துக் கலக்கலாம் என்று பேசியிருக்கிறோம். எத்தனை நாள் வேலை குறைகிறது என்பதை அறுவடைக்குப் பின் இங்கேயே எழுதுகிறேன், குறையாவிட்டாலும் எழுதுகிறேன்.

மூன்றாவது, உங்கள் நோட்டு. இந்தப் பட்டத்திலிருந்து எழுதத் தொடங்குங்கள்:

1. ஒரு பயிர், ஒரு நிலம், ஒரு நோட்டு. பல பயிரைக் கலக்க வேண்டாம்.
2. பத்திகள்: தேதி, வேலை, கொடுத்த காசு, கூலி ஆள், வீட்டு ஆண், வீட்டுப் பெண், வரவு.
3. வீட்டு ஆள் வேலையை கால் நாள், அரை நாள், முக்கால் நாள், ஒரு நாள் என்று எழுதினால் போதும்.
4. சொந்த விதை, சொந்த எரு, சாணம் இவற்றை அளவாக எழுதுங்கள். காசாக மாற்றுவதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.
5. அன்றன்றைக்கு எழுதுங்கள். அறுவடைக்குப் பின் யோசித்து எழுதுவது கணக்கல்ல, கதை.
6. பெண்களின் பத்தியைப் பெண்களே நிரப்பட்டும்.

ஆறாவதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். போன வாரம் புது நோட்டு ஒன்றை என் மனைவியிடம் கொடுத்தேன். தக்கைப்பூண்டு மடக்கி உழுத அன்று சாயந்திரம் அவளே எழுதி வைத்திருந்தாள்: "வரப்பு வெட்டுனது அரை நாள். ஆளுங்களுக்குச் சோறு ஆக்குனது கால் நாள்." சோறு ஆக்கிய கால் நாள் என் ஆய்வேட்டில் எங்கேயும் கிடையாது. ஏழாவது வரியாக அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.