பூர்வீகம் என்கிற பட்டா

பஞ்சாபிகள் எங்கிருந்து வந்தவர்கள் என்ற கேள்விக்குக் குறைந்தது நான்கு பதில்கள் புழக்கத்தில் உள்ளன. ஆரியர்கள் என்பது ஒன்று. மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து குதிரையேறி வந்த சித்தியர்களின் வாரிசுகள் என்பது இன்னொன்று. ராமனின் மக்களான லவன், குசன் வழிவந்தோர் என்பது மூன்றாவது. லாகூரை லவனோடும் கசூரைக் குசனோடும் சேர்த்துச் சொல்வது இந்த வகை. குருநானக் பிறந்த பேதி குலத்தையும் குரு கோவிந்த் சிங் பிறந்த சோதி குலத்தையும் அவ்விருவரின் வழியாகக் காட்டுகிறது 'பசித்தர் நாடக்'. ஹரப்பாவைக் கட்டியவர்களே நாங்கள்தான் என்பது நான்காவது பதில்.

இதில் எது உண்மை என்று தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலை அல்ல. இந்தப் பதில்கள் எப்போது, யாரால், எதைக் கேட்டுப் பெறுவதற்காகச் சொல்லப்பட்டன என்பதே என் அக்கறை. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குப் பஞ்சாபில் என்ன வேலைன்னு கேட்கலாம். பூர்வீகம் என்பது பழங்காலத்தைப் பற்றிய பேச்சு என்றுதான் நாம் பொதுவாக நம்பிக்கொண்டிருக்கிறோம். அது நிலத்தைப் பற்றிய பேச்சு என்பதைப் பஞ்சாபைப்போலப் பச்சையாகக் காட்டுகிற இடம் வேறொன்று எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் ஜாட்டுகளை எடுத்துக்கொள்வோம். பஞ்சாபின் நிலவுடைமைச் சாதிகளில் பெரியது. 1947இல் பிளவுபட்ட இரண்டு பஞ்சாபிலும், சீக்கியர், இந்து, முஸ்லிம் என்று மூன்று மதங்களிலும் இவர்கள் உண்டு. எட்டாம் நூற்றாண்டு சிந்துப் பகுதியைப் பற்றிப் பேசும் 'சச்நாமா'வில் இவர்கள் எப்படி வருகிறார்கள்? வாள் ஏந்தக் கூடாது, பட்டு உடுத்தக் கூடாது, சேணம் போட்டுக் குதிரையேறக் கூடாது, வெளியே போனால் நாயைக் கூட்டிக்கொண்டுதான் போகவேண்டும் என்றெல்லாம் விதிக்கப்பட்டவர்களாக வருகிறார்கள். பதினொன்றாம் நூற்றாண்டில் அல்பிரூனி இவர்களைக் கால்நடை வைத்திருக்கும் தாழ்ந்த சூத்திரர்களாகக் குறிக்கிறார். 1595 வாக்கில் தொகுக்கப்பட்ட 'அயினி அக்பரி'யில் பார்த்தால் பஞ்சாபின் பல பர்கனாக்களில் இவர்களே ஜமீன்தார்கள். இடைப்பட்ட காலத்தில் நடந்தது என்ன? சிந்துவிலிருந்து வடக்கே நகர்ந்த மேய்ச்சல் மக்கள், பாரசீகச் சக்கரம் எனப்படும் நீரிறைப்பு முறை பரவிய காலத்தில் ஏர்பிடித்த குடியானவர்களாக மாறினார்கள் என்று விளக்குகிறார் இர்ஃபான் ஹபீப். வேதம், குதிரை, போர் எதுவும் இல்லாத வரலாறு இது. கிணறும் மாடும் கோதுமையும் உள்ள வரலாறு. தங்களைக் கீழே வைத்த வருணக் கணக்கை ஏற்காத சீக்கிய சமயத்தில் இவர்கள் பெருவாரியாகச் சேர்ந்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

ஆனால் ஆட்சி கைக்கு வந்ததும் இந்தக் கதை போதவில்லை. பாட்டியாலா, நாபா, ஜிந்த் ஆகியவற்றை ஆண்ட ஜாட் குடும்பங்கள் ஜெய்சால்மரை நிறுவிய ராஜபுத்திர மன்னன் ஜெய்சலின் வழி வந்தவர்களாகத் தம்மைச் சொல்லிக்கொண்டன. 1881 கணக்கெடுப்பின்போது பஞ்சாபின் சாதிகளைப் பற்றி விரிவாக எழுதிய டென்சில் இபெட்சன் இந்த ரகசியத்தைக் கண்டுகொண்டவர். ஜாட்டும் ராஜபுத்திரரும் ஒரே மூலத்திலிருந்து வந்தவர்கள், வித்தியாசம் சமூக அந்தஸ்தில்தான் என்பது அவர் வாதம். அதிகாரத்துக்கு வந்து, விதவை மறுமணத்தை நிறுத்திய குடும்பம் ராஜபுத்திரக் குடும்பமாகும். மறுமணத்தை அனுமதிப்பது ஜாட்டாக இருக்கும். ஆக, பெண்ணின் உடல்மீது விதிக்கப்படும் கட்டுப்பாடே வம்சத்தின் உயரத்தை அளக்கும் கோல்.

ஜாட்டுகளோடு மட்டும் இது முடியவில்லை. கபுர்த்தலா அரச மரபின் முன்னோடி ஜஸ்ஸா சிங் அலுவாலியா, சாராயம் காய்ச்சும் கலால் சாதியில் பிறந்தவர். அலுவாலியா என்பது அவருடைய ஊரான ஆலுவின் பெயர். பிறகு கலால்கள் எல்லோரும் அலுவாலியா ஆனார்கள். தச்சர்கள் ராம்கடியா ஆனது, ராம்கட் கோட்டையால் பெயர்பெற்ற இன்னொரு ஜஸ்ஸா சிங்கினால். மேற்குப் பஞ்சாபில் காய்கறிப் பயிர் செய்யும் முஸ்லிம் ஆராயின்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரபு மூதாதையரைப் பற்றி எழுதத் தொடங்கினார்கள். பதிமூன்றாம் நூற்றாண்டு சூஃபி பாபா ஃபரீதே தங்களை இஸ்லாமுக்குக் கொண்டுவந்தார் என்கிறார்கள் சியால்கள். அவர்களுடைய கொடிவழியைத் தலைமுறை தலைமுறையாக எண்ணிப் பார்த்த ரிச்சர்ட் ஈட்டன், முஸ்லிம் பெயர்கள் சிறுகச் சிறுகத்தான் கூடுகின்றன, எல்லாப் பெயர்களும் முஸ்லிம் பெயர்களாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் என்று காட்டினார். கொடிவழி தனக்கே எதிராகச் சாட்சி சொல்கிறது!

இதுவரை சொன்னதெல்லாம் ஏறி இறங்கக்கூடிய ஏணி. ஏணியைச் சுவராக்கியது காலனி ஆட்சி. ஜேம்ஸ் டாடும் அலெக்சாண்டர் கன்னிங்ஹாமும் ஜாட்டுகளுக்குச் சித்திய மூலம் தந்தார்கள். 1901 கணக்கெடுப்பின் ஆணையர் ரிஸ்லி மூக்கை அளந்து பஞ்சாபின் ஜாட், கத்ரி சாதிகளை இந்தோ - ஆரிய வகையில் வைத்தார். ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் அதிகாரிகளுக்கு எந்தச் சாதி போர்க்குணம் உள்ளது என்று சொல்லும் கையேடுகள் வந்தன. ஆய்வு, அளவை, கையேடு என்று மூன்று பெயரில் இயங்கியது ஒரே சொல்லாடல்.

இதைவிட முக்கியமான காகிதம் ஒன்று உண்டு. பஞ்சாபில் நிலவரித் திட்டம் செய்யும்போது ஒவ்வொரு கிராமத்துக்கும் 'ஷஜ்ரா நஸப்' என்ற ஆவணம் தயாரித்தார்கள். கிராமத்தின் நிலவுடைமையாளர்கள் எந்த மூதாதையிடமிருந்து கிளைத்தார்கள், யார் பங்கு எவ்வளவு என்று காட்டும் கொடிவழி அது. ஜமாபந்தியோடு சேர்த்துத் திருத்தப்படும். ஜமாபந்தி நம்ம ஊர் தாலுகா ஆபீசிலும் நடப்பதுதானே! ஆக, பஞ்சாபில் மூதாதையர் பட்டியல் நில ஆவணத்தின் ஒரு பக்கம். நிலம் உள்ளவனுக்கு அரசாங்கமே மூதாதையரை எழுதி வைத்திருக்கிறது. அதே கிராமத்தில் தோல் பதனிட்டவனுக்கும் சாணி அள்ளியவளுக்கும் அந்தத் தாளில் இடம் கிடையாது.

1900இல் பஞ்சாப் நில உடைமை மாற்றச் சட்டம் வந்தது. வட்டிக்கடைக்காரர்களிடம் விவசாயி நிலத்தை இழக்கிறான், அதைத் தடுக்கவேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். அதில் உண்மையும் இருந்தது. ஆனால் சட்டம் விவசாயி என்பதற்கு என்ன வரையறை வைத்தது? உழுபவன் என்றா? இல்லை. மாவட்டவாரியாக 'விவசாயக் குலங்கள்' என்று ஒரு பட்டியல் அறிவிக்கப்பட்டது. பட்டியலில் உள்ள குலத்தவரின் நிலத்தைப் பட்டியலுக்கு வெளியே இருப்பவர் நிரந்தரமாக வாங்க முடியாது. தலைமுறை தலைமுறையாக வயலில் உழைத்த சமார், சூஹ்ரா மக்கள் பொதுவாகப் பட்டியலுக்கு வெளியே. வியர்வை அவர்களுடையது, பூர்வீகம் இல்லை. அதனால் காசு சேர்த்தாலும் நிலம் வாங்க முடியாது. சுதந்திரத்துக்குப் பிறகுதான் இந்தச் சட்டம் ஒழிந்தது. அதற்குள் இரண்டு தலைமுறை போய்விட்டது.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்கவேண்டும். வாரிசுரிமையைக் குறிக்கும் 'மிராஸ்' என்ற அரபுச் சொல் பஞ்சாபுக்கும் வந்தது, நமக்கும் வந்தது. பஞ்சாபில் 'மிராசி' என்றால் ஜாட்டுகளின் கொடிவழியை மனப்பாடமாக வைத்திருந்து கல்யாணத்தில் பாடும் கலைஞன். தாழ்ந்தவனாக நடத்தப்படுபவன். அடுத்தவன் வாரிசுரிமையை நினைவில் சுமப்பவன். தஞ்சாவூரிலும் செங்கல்பட்டிலும் 'மிராசு' என்றால் நிலத்தின்மீதான உரிமையே. அந்த உரிமைக்கும் ஒரு பூர்வீகக் கதை இருந்தது. ஆதொண்டன் குறும்பரை வென்று வேளாளரைக் குடியேற்றினான் என்ற கதையைத் தொண்டைமண்டல மிராசு பற்றிய விளக்கத்தில் எல்லிஸ் பதிவுசெய்தார். 1890களின் தொடக்கத்தில் கலெக்டர் டிரமென்ஹீர் பறையருக்கு நிலம் தரச் சொன்னபோது குறுக்கே நின்றதும் அந்த மிராசுதான். பஞ்சாபை வேடிக்கை பார்க்கும் உரிமை நமக்கு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, நிலமற்றவர்களுக்கு மூதாதையர் இல்லையா? உண்டு. துப்புரவு செய்த சூஹ்ராக்கள் தங்கள் சமயச் சடங்கில் லால் பேக்கின் 'குர்சிநாமா'வைச் சொல்லி வந்தார்கள். குர்சிநாமா என்றாலும் வம்சாவளிதான். 1880களில் ரிச்சர்ட் டெம்பிள் அவற்றைத் தொகுத்து வெளியிட்டார். ஜாட்டின் கொடிவழி நிலத்தில் போய் முடிகிறது. இவர்களுடையது ஒரு மகானிடமும் கடவுளிடமும் போய் முடிகிறது. பட்டா தர முடியாத கொடிவழி. ஆனாலும், எங்களுக்கும் தொடக்கம் உண்டு என்று சொல்கிற கொடிவழி.

இந்தக் குரல் அரசியலானது 1926இல். ஹோஷியார்பூர் மாவட்டம் முகோவாலில் பிறந்த மங்கு ராம், தோல் வணிகரின் மகன். 1909இல் அமெரிக்கா போனார், கலிஃபோர்னியாவில் கெதர் இயக்கத்தில் சேர்ந்தார், 1925இல் ஊர் திரும்பினார். நாடு விடுதலை கேட்கிறது, ஊர் தீண்டாமையை விடவில்லை. அடுத்த ஆண்டே முகோவாலில் ஆத் தர்ம இயக்கம் தொடங்கியது. நாங்கள் இந்துவும் இல்லை, சீக்கியனும் இல்லை, முஸ்லிமும் இல்லை. இவர்கள் எல்லோருக்கும் முன்பிருந்தே இந்த மண்ணில் இருக்கும் ஆதிகள். எங்கள் சமயம் தனி என்றது அந்த இயக்கம். 1931 கணக்கெடுப்பில் 4 லட்சத்து 18 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தம் மதம் ஆத் தர்மம் என்று பதிந்தார்கள். இதற்கு நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே அயோத்திதாசர் 'சாதிபேதமற்ற திராவிடர்' என்று பதியச் சொன்னதும், 1922இல் சென்னை மாகாணம் 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை ஏற்றதும் நாம் அறிந்தவை. பஞ்சாபுக்கும் சென்னைக்கும் நடுவே இருந்த பொதுத்தன்மை இனம் இல்லை, மொழி இல்லை. வெளியேற்றப்பட்டவர்கள் கண்டடைந்த ஒரே உத்தி அது.

ஆண்டவர்களின் பூர்வீகக் கதையும் ஆளப்பட்டவர்களின் பூர்வீகக் கதையும் ஒன்றுதான், இரண்டும் புனைவுதானே என்று சொல்லித் தப்பிப்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. ஒன்று இருக்கும் உடைமைக்குக் காவல் நிற்கிறது. மற்றது பறிக்கப்பட்ட மரியாதையைத் திரும்பக் கேட்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நடுநிலை ஆகாது.

இப்போது மரபணு வந்திருக்கிறது. 1966 வரை பஞ்சாபோடு இருந்து இப்போது ஹரியானாவில் உள்ள ராக்கிகடியில் கிடைத்த ஒரு பெண்ணின் எலும்பிலிருந்து எடுத்த மரபணு ஆய்வு 2019இல் வெளிவந்தது. சிந்துவெளிக் காலத்தவளான அவளிடம் புல்வெளி மேய்ச்சலாளர் மரபு இல்லை. அந்த மரபு தெற்காசியாவுக்குள் வந்தது கி.மு. 2000க்குப் பிறகு என்றது அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு. ரோர், ஜாட் மக்களிடம் அம்மரபின் பங்கு கூடுதல் என்று 2018இல் ஓர் ஆய்வு சொல்லியிருந்தது. உடனே, பார்த்தீங்களா, சித்தியர்தான்னு குதிக்க ஆளிருக்கு. சகர்கள் என்று நாம் அறியும் சித்தியர்கள் இந்தியாவுக்கு வந்தது அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. தவிர, இன்றைய பஞ்சாபிகள் எல்லோருமே, ஜாட் ஆனாலும் சமார் ஆனாலும், சிந்துவெளி மக்களும் பின்னால் வந்தவர்களும் வெவ்வேறு அளவில் கலந்தவர்கள். கலப்பின் விகிதத்தை மரபணு சொல்லும். யாருக்கு எத்தனை ஏக்கர் என்று சொல்லாது. மூக்கை அளந்த காலத்தில் அறிவியலுக்கு எந்த வேலை கொடுக்கப்பட்டதோ, அதையே இன்று எச்சிலைச் சோதிக்கிற அறிவியலுக்கும் கொடுத்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

2011 கணக்கெடுப்பின்படி இந்தியப் பஞ்சாபில் தலித் மக்கள் 31.9 விழுக்காடு. மாநிலங்களில் இதுவே மிக அதிகம். அவர்கள் கையில் உள்ள விவசாய நிலமோ நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. 1961ஆம் ஆண்டின் கிராமப் பொதுநிலச் சட்டப்படி, ஏலத்தில் குத்தகைக்கு விடும் பஞ்சாயத்து நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்கு உரியது. நடைமுறையில் மேல்சாதியார் ஒரு தலித்தைப் பினாமியாக நிறுத்தி ஏலம் எடுத்து வந்தார்கள். 2014இல் சங்ரூர் மாவட்டம் பலத் கலானில் தலித்துகள் கூட்டாக எழுந்து அந்தப் பங்கைக் கேட்டார்கள். தடியடி வாங்கினார்கள். பிறகு நிலத்தைக் கூட்டாகக் குத்தகைக்குப் பெற்றுப் பயிர் செய்தார்கள். ஆண், பெண் எல்லோருமாகப் போராடிய அந்த மக்கள் நிலம் கேட்டது சட்டத்தில் உள்ள பங்கின் பேரில், வயலில் செய்த வேலையின் பேரில். ஹரப்பா யாருடையது என்பதற்கு அவர்கள் காத்திருக்கவில்லை.

'ஆதி' என்ற சொல்லைக் கைவிடச் சொல்ல நான் யார்? அது கொடுத்த நிமிர்வு சாதாரணமானது இல்லை. ஆனால் முதலில் வந்தவனுக்கே மண் என்ற விதியை நாம் ஒப்புக்கொண்டால், நாளைக்கு எவனாவது ஒரு எலும்பைத் தோண்டி எடுத்து வந்து நம் உரிமையை ரத்து செய்யலாம். இன்று உழைக்கிறவர்களுக்கு, இன்று இந்த மண்ணில் வாழ்கிறவர்களுக்கு நிலம் வேண்டும். அதற்குக் கொடிவழி கேட்காதே என்று சொல்லவும் நமக்குத் தெரிந்திருக்கவேண்டும்.