ஒளிந்துகொள்ளும் தபால் பெட்டி!

தபால் பெட்டி என்றால் தெருமுனையில் சிவப்புச் சட்டை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வெயிலோ மழையோ, வாயைத் திறந்தபடி நமக்காகக் காத்திருக்க வேண்டும். நமக்குத் தெரிந்தது அதுதான். ஆனால் இங்கிலாந்தில் ஒரு பிரதேசம் இருக்கிறது. அங்கே தபால் பெட்டி ஓடி ஒளிந்துகொள்கிறது! பாறை இடுக்கில், மரத்து வேரில், பாசிக்கு அடியில்... தேடி வருகிறவர்களுக்குத்தான் தரிசனம்.

அந்தப் பிரதேசத்தின் பெயர் டார்ட்மூர். இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் பகுதியில் 954 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிற தேசியப் பூங்கா. புல்வெளி, சதுப்பு, அங்கங்கே காடு, தலையில் பாறை சுமந்த குன்றுகள். ஷெர்லாக் ஹோம்ஸ் ரசிகர்களுக்குப் பழகிய இடம்தான். பாஸ்கர்வில்ஸ் கதையில் அந்த ராட்சஸ நாய் ஊளையிட்டது இங்கேதான்!

கதை 1854-ல் ஆரம்பிக்கிறது. சாக்ஃபோர்ட் என்ற ஊரில் ஜேம்ஸ் பெரட் என்று ஒரு வழிகாட்டி இருந்தார். வெளியூர்க்காரர்களைச் சதுப்பு நிலத்தின் நடுவே இருக்கும் கிரான்மியர் குளத்துக்கு அழைத்துப் போவது அவர் தொழில். பேருக்குத்தான் குளம். தண்ணீர் கிடையாது. அதற்கும் ஒரு கதை சொல்கிறார்கள். ஒக்ஹாம்ப்டன் ஊர் மேயர் ஒருவரின் ஆவி செத்த பிறகும் அடங்கவில்லையாம். குளத்துத் தண்ணீரைச் சல்லடையால் இறைத்து முடி என்று தண்டனை கொடுத்தார்களாம். ஆவி என்ன செய்தது? ஓர் ஆட்டுத் தோலைச் சல்லடையில் விரித்து, மளமளவென்று இறைத்துத் தீர்த்துவிட்டது! மேயராக இருந்தவர் அல்லவா... வழி தெரியாமலா போகும்?

அந்தக் குளத்தங்கரையில் பெரட் ஒரு பாட்டிலை வைத்தார். கஷ்டப்பட்டு நடந்து வந்தவர்கள் தங்கள் விசிட்டிங் கார்டை அதில் போட்டுவிட்டுப் போகலாம். 'நானும் வந்தேனாக்கும்' என்பதற்கு அத்தாட்சி. 1888-ல் பாட்டில் போய்த் தகரப் பெட்டி வந்தது. அப்புறம் ஒருவர் மூளையில் விளக்கு எரிந்திருக்கிறது. விலாசம் எழுதி ஸ்டாம்பு ஒட்டிய கார்டைப் பெட்டியில் போட்டு வைப்பது. அடுத்து வருகிற முன்பின் தெரியாத ஆசாமி அதை எடுத்துப்போய்த் தன் ஊரில் தபாலில் சேர்ப்பது! எத்தனை நாளில், எந்த ஊர் முத்திரையோடு வரும் என்று வீட்டில் காத்திருப்பதில் ஒரு குஷி. 'லெட்டர் பாக்ஸ்' என்ற பெயர் நிலைத்தது இப்படித்தான்.

டார்ட்மூரைப் பற்றி எழுதி எழுதித் தீர்த்த வில்லியம் கிராசிங்கின் நினைவாக 1938-ல் டக்ஸ் பூல் என்ற இடத்தில் ஒரு பெட்டி வைத்தார்கள். சிலை இல்லை, சார். பெட்டி!

இன்றைக்கு டார்ட்மூர் முழுக்க இப்படிப் பெட்டிகள் ஆயிரக்கணக்கில் ஒளிந்திருக்கின்றன. உள்ளே ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு ரப்பர் ஸ்டாம்ப். பெட்டியின் ஸ்டாம்பை உங்கள் நோட்டில் குத்திக்கொள்ள வேண்டும். உங்கள் ஸ்டாம்பை அதன் நோட்டில் குத்த வேண்டும். நூறு பெட்டி கண்டுபிடித்தவர்களுக்கென்றே '100 கிளப்' இருக்கிறது. கட்டுப்பாடுகளும் உண்டு. புராதனச் சின்னங்களில் பெட்டி வைக்கக் கூடாது. சிமென்ட் பூசக் கூடாது. எடுத்த பெட்டியை, எடுத்த மாதிரியே மறைத்து வைக்க வேண்டும். கிரான்மியர் பக்கம் ராணுவம் துப்பாக்கிப் பயிற்சி செய்யும். அங்கே சிவப்புக் கொடி பறந்தால் பேசாமல் திரும்பிவிட வேண்டும்!

1998-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை எழுதப்போய், இந்தப் பைத்தியம் அங்கேயும் தொற்றியது. 2000-ல் செயற்கைக்கோள் உதவியோடு பெட்டி தேடும் 'ஜியோகேச்சிங்' பிறந்தது. டார்ட்மூர் ஆசாமிகளுக்கோ இன்னமும் காம்பஸும் காலும்தான்.

என் மகள் குடும்பம் எக்ஸிடரில் இருக்கிறது. போன செப்டம்பரில் போயிருந்தபோது மாப்பிள்ளையும் பேத்தியும் என்னைப் பெல்லவர் காட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். ஊசியிலை மரங்கள் வரிசை கட்டி நிற்கிற காடு. பகலிலேயே சாயங்கால வெளிச்சம். கையில் ஒரு துப்புச் சீட்டு. தனிப் பாறையிலிருந்து வடகிழக்கே நாற்பது தப்படி. வேரோடு சாய்ந்த மரம். அதன் கீழே தட்டைக் கல். யாருடைய தப்படி என்றுதான் எழுதவில்லை! மாப்பிள்ளையின் நாற்பது ஓடையில் முடிந்தது. பேத்தியின் நாற்பது முள் புதரில் முடிந்தது. என் குட்டைக் கால் சரியாகப் போய் மரத்தில் முட்டியது.

கல்லை நகர்த்தினால், இறுக மூடிய ஒரு பிளாஸ்டிக் டப்பா. ஸ்டாம்பில் ஒரு தொப்பியும், ஒரு பைப்பும். நோட்டு புத்தம் புதுசு. முதல் பக்கத்தில் ஒரே ஒரு பதிவு, பத்தொன்பது நாள் முந்தைய தேதியில். எங்களிடம் சொந்த ஸ்டாம்ப் இல்லை. பெருவிரல் ரேகையும் செல்லுமாம். பத்திரப் பதிவு ஆபீஸில் முப்பது வருஷம் ஊரார் விரலைப் பிடித்து மை உருட்டியவன் நான். என் விரலைப் பேத்தி பிடித்து உருட்டினாள்!

டப்பாவின் அடியில் ஒரு போஸ்ட் கார்டு இருந்தது. ஸ்டாம்பு ஒட்டி, விலாசம் எழுதி, தயாராக.

அடுத்தவர் கடிதத்தைப் படிக்கலாமா? கூடாதுதான். ஆனால் போஸ்ட்மேன் படிக்காத கார்டு உலகத்தில் உண்டா? அன்றைக்கு நாங்கள்தானே போஸ்ட்மேன்!

'அம்மா, அப்பாவின் பெட்டி பத்திரமாக இருக்கிறது. நோட்டு நனைந்துவிட்டது, மாற்றிவிட்டேன். உன் முழங்கால் சம்மதித்தால் வசந்த காலத்தில் அழைத்து வருகிறேன்.' இவ்வளவுதான். தொப்பியும் பைப்பும் யாருடையவை என்று புரிந்தது.

"இதைப் போன்லயே சொல்லிடலாமே தாத்தா?" என்றாள் பேத்தி.

"சொல்லியிருப்பாங்கம்மா" என்றார் மாப்பிள்ளை. "ஆனா இந்தக் கார்டு அந்தப் பாட்டி வீட்டுக்குப் போனாத்தான், தாத்தா வெச்ச பெட்டியை இன்னமும் யாரோ தேடி வர்றாங்கன்னு தெரியும்."

எனக்குச் சுருக்கென்றது. பத்தொன்பது நாளாக இந்தப் பக்கம் ஒருவரும் வரவில்லை. எங்கேயோ ஒரு வீட்டில், வாசல் கதவில் தபால் விழும் சத்தத்துக்கு ஒரு கிழவி தினமும் காது கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

நோட்டில், 'கார்டை எடுத்துக்கொண்டோம். இன்றே தபாலில் சேர்ப்போம்' என்று தமிழில் எழுதினேன். பேத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "அவங்களுக்குத் தமிழ் தெரியாதே தாத்தா!" என்றாள். "அதுக்குத்தானே நீ இருக்கே" என்று பேனாவை அவளிடம் கொடுத்தேன். கீழே இங்கிலீஷில் எழுதினாள். டப்பாவை மூடி, கல்லை வைத்து, பாசியைக்கூட இருந்த மாதிரியே போர்த்திவிட்டோம். பூட்டு இல்லை, காவல் இல்லை. இத்தனை வருஷமும் இந்தப் பெட்டிகளைக் காப்பாற்றி வந்தது இப்படித் திரும்ப வைத்துவிட்டுப் போன கைகள்தான்.

மழை பிடித்துக்கொண்டது.

"மாமா, நாளைக்கு ஆபீஸ் போற வழியில நான் போட்டுடறேனே?"

"வேண்டாம் மாப்பிள்ளை. எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு. இன்னிக்கேதான்."

கார்டைக் கோட்டுக்குள் சட்டையோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். வழியில் ஒரு கிராமம். சிவப்புச் சட்டையோடு நமக்குத் தெரிந்த ஜாதித் தபால் பெட்டி. கடைசித் தபால் எடுக்கும் நேரத்துக்கு இன்னும் பத்தே நிமிஷம். பேத்தியைத் தூக்கிப் பிடித்தேன். அவள்தான் போட்டாள்.

"தாத்தா, இப்ப நாம நிஜமாவே போஸ்ட்மேனா?"

"ஆமாண்டா கண்ணு. சம்பளம் மட்டும் கிடையாது!"