தூதிற் பிரிவும் ஒரு தோட்டமும்

தூதின் பொருட்டுத் தலைவன் பிரிந்து செல்வதைப் பிரிவு வகைகளுள் ஒன்றாகத் தொல்காப்பியர் கொண்டார். பிரிந்தவன் மீளும்வரை தலைவி இல்லிலே ஆற்றியிருத்தல் நம் அகமரபு. மேனாட்டு ராஜதந்திரிகளின் வழக்கம் வேறு. அவர்கள் மனைவியரையும் உடன் அழைத்துச் சென்றனர். விருந்தினரை முகமலர்ந்து வரவேற்பதே அம்மனைவியரின் எழுதப்படாத உத்தியோகமாயிற்று. இவ்விரண்டு நிலைகளுக்கும் இணங்காத ஓர் எழுத்தாளரையும், அவ்விணங்காமையைப் பொறுத்துக்கொண்ட ஒரு ராஜதந்திரியையும் பற்றி இங்கு எழுத விழைகின்றேன்.

ஹறொல்ட் நிக்கல்சன் 1886 ஆம் ஆண்டு தெஹ்ரானிலே பிறந்தார். அவருடைய தந்தையாரும் பிரித்தானிய ராஜதந்திரியே. வீற்றா சக்வில்-வெஸ்ற் 1892 இல் இங்கிலாந்தின் கென்ற் பகுதியிலுள்ள நோல் என்னும் பழம்பெரும் மாளிகையிலே தோன்றியவர். அம்மாளிகையின் சிற்றாலயத்தில் 1913 ஒக்டோபர் முதலாம் நாள் இவர்களின் திருமணம் நிகழ்ந்தது. முதற் குடித்தனம் கொன்ஸ்தாந்திநோப்பிள் நகரில். பெனடிக்ற், நைஜல் என இரு புதல்வர்களும் பிறந்தனர். இதுவரையில் உலகம் மெச்சும் இல்லறந்தான்.

ஆனால், கணவன் மனைவி இருவருமே தம்மொத்த பாலினரிடத்தும் காதல் கொள்ளும் இயல்பினர். 1918 இல் வீற்றாவுக்கும் இளமைத் தோழி வயலெற்றுக்கும் இடையே எழுந்த காதல் குடும்பத்தையே உலுக்கிற்று. 1919 இல் பாரிஸ் நகரின் சமாதான மாநாட்டிலே ஹறொல்ட் உலகப் போரின் பகை தீர்க்கும் பணியில் ஈடுபட்டிருந்தார். அவருடைய சொந்த வீட்டிலோ சமாதானம் இல்லை. வயலெற் அவ்வாண்டிலேயே டெனிஸ் ட்ரெபியூசிஸ் என்பவரை மணந்தும் அக்காதல் தணியவில்லை. 1920 பெப்ரவரியில் பெண்கள் இருவரும் வீடு துறந்து பிரான்சுக்குச் சென்றனர். கணவர் இருவரும் ஒரு சிறு விமானத்தில் ஒன்றாகப் பறந்து, அமியான் நகரில் அவர்களைக் கண்டு, மீட்டனர்.

இவ்வரலாற்றை முதன்முறை படித்தபோது, "இதுவும் ஓர் இல்லறமா?" என்று கசந்து நூலை மூடிவைத்தேன். பின்னர் ஒருமுறை முழுமையாகப் படித்தபோதுதான், அமியான் நிகழ்ச்சி இக்கதையின் முடிவன்று, தொடக்கமே என்பது புலனாயிற்று. அதன் பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் கணவன் மனைவியாகவே வாழ்ந்தனர். உடலின் கற்பை ஒருவரிடம் ஒருவர் கோரவில்லை; உண்மையைக் கோரினர். பிரிந்திருந்த காலமெல்லாம் ஏறத்தாழ நாள்தோறும் கடிதம் எழுதினர்.

1925 இல் ஹறொல்ட் தெஹ்ரானுக்கு நியமனம் பெற்றபோது வீற்றா உடன் சென்று குடியிருக்க மறுத்துவிட்டார். அவருக்குத் தம் எழுத்தும் இங்கிலாந்தின் மண்ணுமே பெரிதாயிருந்தன. எனினும் 1926 இலும் 1927 இலும் நெடுந்தொலைவு பயணஞ் செய்து கணவரைக் கண்டுவந்தார். முதற் பயணம் ஒரு சிறந்த பிரயாண நூலாக மலர்ந்தது. ஹறொல்ட் பின்னர் பெர்லினிலும் பணியாற்றி, 1929 இன் இறுதியில் ராஜதந்திர சேவையையே துறந்து, லண்டன் பத்திரிகையொன்றிற் சேர்ந்தார். பிரிவின் துயரும் அத்துறவுக்கு ஒரு காரணம். இரண்டாண்டுகளின் பின், 1931 இல், வீற்றா ஒரு நாவலை வெளியிட்டார். கணவனின் அரச பதவிக்காகத் தன் ஓவியக் கனவைப் பலியிட்ட ஒரு மூதாட்டியே அதன் நாயகி. தாம் ஏற்க மறுத்த விதியையே அவர் அங்கே எழுதிப்பார்த்தார் என்று கருதுகின்றேன்.

அந்நாவலை வெளியிட்டது, வேர்ஜீனியா வூல்ஃபும் அவர் கணவர் லெனாட் வூல்ஃபும் நடத்திய ஹோகார்த் பதிப்பகம். 1904 முதல் 1911 வரை யாழ்ப்பாணம், கண்டி, அம்பாந்தோட்டை ஆகிய இடங்களில் அரசாங்க உத்தியோகத்தராயிருந்த அதே லெனாட் வூல்ஃப்தான். வேர்ஜீனியாவும் வீற்றாவிடம் காதல் கொண்டிருந்தார். வீற்றாவையே மாதிரியாக வைத்து 1928 இல் "ஒர்லாண்டோ" என்னும் நாவலைப் படைத்தார். அவ்வாண்டிலேதான் வீற்றாவின் தந்தையார் காலமானார். பெண்ணாய்ப் பிறந்த காரணத்தால் நோல் மாளிகை வீற்றாவுக்குக் கிடையாது சிறிய தந்தையாருக்குச் சென்றது. சட்டம் பறித்ததை இலக்கியம் ஒருவாறு மீட்டுக் கொடுத்தது எனலாம்.

1930 இல் தம்பதியர் கென்ற் பகுதியிலே சிசிங்ஹேர்ஸ்ற் என்ற பாழடைந்த கோட்டையிடத்தை வாங்கினர். கோபுரத்தில் வீற்றாவின் எழுத்தறை. ஒரு சிறு மனையில் இருவரின் படுக்கையறைகளும் ஹறொல்டின் படிப்பறையும். மற்றொரு மனையிற் பிள்ளைகளும் உணவறையும். ஓரறையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லத் தோட்டத்தைக் கடந்தே ஆகவேண்டும். அத்தோட்டத்தின் நேர்வழிகளையும் வேலிகளையும் வகுத்தவர் ஹறொல்ட். அவ்வரம்புகளுக்குள் கட்டுக்கடங்காது பூத்துச் சொரியச் செடிகளை நட்டவர் வீற்றா. வரம்பும் வளமும் ஒன்றையொன்று அழிக்காது வாழ்ந்த அந்நிலமே இவர்களது இல்லறத்தின் மெய்யான உருவம் என்பேன்.

இவ்வாறு கூறுவதால் அனைத்தையும் நியாயப்படுத்துகின்றேன் என்று வாசகர் எண்ணலாகாது. இவர்களுடைய உடன்படிக்கையிற் கையொப்பமிடாத பலர் அதற்கு விலை கொடுத்தனர். டெனிஸின் வாழ்வு கசந்து, 1929 இல் நோயால் முடிந்தது. வயலெற் நெடுங்காலம் பிறநாட்டில் வாழ்ந்தார். தாயின் கோபுர அறைக்குள் பெற்ற பிள்ளைகளும் அரிதாகவே நுழைந்தனர். செல்வமும் குலமும் காவலாய் நின்றமையால் இவர்களால் தப்ப முடிந்தது. ஏழை வீட்டில் இது நிகழ்ந்திருப்பின் ஊர் விட்டுவைத்திராது.

1962 இல் வீற்றா மறைந்த பின், கோபுர அறையில் பூட்டிய தோற்பை ஒன்றை நைஜல் கண்டெடுத்தார். திறவுகோல் இல்லாமையால் பூட்டைச் சுற்றித் தோலை அறுத்துத் திறந்தார். உள்ளே 1920 இல் தாயார் தம் கைப்பட எழுதிய வாக்குமூலம் இருந்தது. 1968 இல் தந்தையாரும், 1972 இல் வயலெற்றும் மறைந்தனர். 1973 இல் அவ்வாக்குமூலத்தைத் தம் விளக்கத்துடன் நூலாக்கினார். பெற்றோரின் அந்தரங்கத்தை மகன் அம்பலப்படுத்தலாமா என்ற கேள்வி அன்று எழுந்தது. என் உள்ளத்திலும் அது எழுந்ததுண்டு. ஆயினும், உண்மையைத் தவிர வேறெதனையும் ஒருவரிடம் ஒருவர் கோராத இருவரின் மகன், அவ்வுண்மையையே அவர்களுக்கு நினைவுச் சின்னமாக வைத்தமை பொருத்தமெனவே இன்று எனக்குத் தோன்றுகின்றது.

பிறர் பின்பற்றுதற்குரிய முன்மாதிரியாக இவ்வில்லறத்தை நான் காட்டவில்லை. ஆனால் வெளிக்கு மாசற்று, உள்ளே ஒரு சொல்லும் உண்மையின்றி நடக்கும் இல்லறங்களைக் காணுந்தோறும், சிசிங்ஹேர்ஸ்ற் தோட்டமே என் நினைவுக்கு வருகின்றது.