1,450 மீட்டர் உயரத்துல ஒரு திராட்சைத் தோட்டம்: ரெட் ஒயினுக்கு மலை என்ன செய்யுது?

ஒயின் பாட்டில் லேபிள்ல ‘ஹை ஆல்டிட்யூட்’னு போட்டிருந்தா விலையும் கொஞ்சம் ஏறியிருக்கும். மலை மேல விளைஞ்சா திராட்சைக்கு அப்படி என்ன ஆகுது? இது வெறும் மார்க்கெட்டிங்கா, இல்ல உள்ள அறிவியல் இருக்கா? கேட்கிறவங்கள்ல ஒயினைத் தொடாதவங்களும் இருப்பீங்க. பரவாயில்ல, இது குடிக்கச் சொல்ற எபிசோட் இல்ல. ஒரு பழம், ஒரு மலை, அந்த மலையோட தண்ணி, இவ்வளவுதான் விஷயம்.

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கிட்டது அட்ரியானா தோட்டம். அர்ஜென்டினாவோட மெண்டோசா மாகாணத்துல, ஆண்டிஸ் மலையடிவாரத்துல, குவால்தயாரிங்கிற இடத்துல இருக்கு. உயரம் ஏறத்தாழ 1,450 மீட்டர். கதேனா சபாட்டா நிறுவனம் இங்க விளையிற மால்பெக் திராட்சையில செய்யிற ரெட் ஒயின்கள், அந்த நாட்டோட விலை உயர்ந்த ஒயின்கள் வரிசையில வரும்.

மால்பெக் பிரான்ஸ்ல இருந்து வந்த ரகம். 19ஆம் நூற்றாண்டு நடுவுல அர்ஜென்டினாவுக்கு வந்தது. இத்தாலியில இருந்து குடியேறின நிக்கோலா கதேனா 1902ல மெண்டோசாவுல முதல் தோட்டம் போட்டார். அவரோட பேரன் நிக்கோலாஸ் கதேனா பொருளாதாரம் படிச்சவர். 1980களோட தொடக்கத்துல கலிபோர்னியாவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துல இருந்தப்போ, அங்க இருக்கிற ஒயின்காரங்க பிரான்ஸோட நேருக்கு நேர் போட்டி போடுறதைப் பார்த்தார். அப்போ அர்ஜென்டினாவுல பெரும்பாலும் உள்ளூர்ல தினமும் குடிக்கிற மலிவான ஒயின்தான் தயாராச்சு. ஊருக்குத் திரும்பினவர் குளிர்ச்சியான இடம் தேடி மலைப் பக்கம் ஏறினார். 1992ல குவால்தயாரியில கொடி நட்டார். அந்தத் தோட்டத்துக்குத்தான் கடைசி மகள் அட்ரியானாவோட பேர். இந்தக் குளிர்ல மால்பெக் பழுக்கவே பழுக்காதுன்னு அவரோட தோட்ட மேலாளரே சொன்னார். ஆனா பழுத்தது.

எப்படின்னு பார்ப்போம். மலைப் பாதையில பஸ் ஏறும்போது கொண்டை ஊசி வளைவு ஒவ்வொண்ணா தாண்டத் தாண்ட குளிர் ஏறும் இல்லையா? பொதுவா 100 மீட்டருக்கு 0.6 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பம் குறையும். மெண்டோசா நகரம் சுமார் 750 மீட்டர் உயரத்துல இருக்கு. தோட்டம் அதைவிட 700 மீட்டர் மேல. அதாவது 4 டிகிரிக்கு மேல வித்தியாசம்.

திராட்சை பழுக்கும்போது சர்க்கரை கூடும், புளிப்பு குறையும். ராத்திரியும் வெக்கையா இருந்தா புளிப்பு வேகமா கரைஞ்சிடும். அந்தப் பழத்துல செய்யிற ஒயின் திகட்டும். ராத்திரி குளிர்ந்தா புளிப்பு தங்கும். பழமும் நிதானமா பழுக்கும், வாசனை சேர நேரம் கிடைக்கும்.

ரெண்டாவது விஷயம் வெயில். மேல போகப் போக காற்று மெலிசாகும், புற ஊதாக் கதிர் அதிகமா விழும். 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். அந்தக் கதிர்ல இருந்து விதையைக் காப்பாத்த பழம் தோலைத் தடிமனாக்கிக்கும். நிறமும் டானினும் அந்தத் தோல்ல இருக்கு. டானின்னா புதுசா ஒண்ணும் இல்ல, நம்ம துவர்ப்புதான். கொட்டைப்பாக்கை மென்னா நாக்கு இழுத்துப் பிடிக்குமே, அதே சமாச்சாரம். ரெட் ஒயினைத் தோலோட ஊற வெச்சு நொதிக்க விடுறதால அது ஒயின்ல இறங்கும். குளிர்ச்சியான இடம், கடுமையான வெயில், இது ரெண்டும் சேர்ந்து கிடைக்கிறதுதான் உயரத்தோட விசேஷம்.

சரி, விலை ஏன் அவ்வளவு? அட்ரியானா தோட்டத்துக்குள்ளேயே மண் மாறிக்கிட்டே இருக்கு. பழைய ஆற்றுப் படுகைங்கிறதால ஒரு இடத்துல கூழாங்கல், பக்கத்துலேயே ஆழமான மண். அதனால ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனித்தனி ஒயின் போடுறாங்க. அதுல ஒரு துண்டு வெறும் 1.4 ஹெக்டேர்தான். பாட்டில் எண்ணிக்கை குறைவு, விலை கூடுது. பனி உறைஞ்சாலோ ஆலங்கட்டி விழுந்தாலோ ஒரே நாள்ல பயிர் போகும். அந்தப் பகுதியில கொடிகளுக்கு மேல வலை கட்டியிருக்கிறது ஆலங்கட்டிக்காகத்தான்.

இதுல என்னை யோசிக்க வெச்சது தண்ணி. மெண்டோசாவுல வருஷத்துக்கு மழை 200 மில்லிமீட்டர் அளவுலதான் பெய்யும். கிட்டத்தட்ட பாலைவனம். மாகாணத்துல 5 சதவீதத்துக்கும் குறைவான நிலம்தான் பாசன நிலம். அங்க கொடியும் மரமும் ஊரும் இருக்கக் காரணம் ஆண்டிஸ்ல உருகி வர்ற பனி. ஸ்பானியர்கள் வர்றதுக்கு முன்னாடியே வார்பே பழங்குடி மக்கள் வாய்க்கால் வெட்டி அந்தத் தண்ணியைத் திருப்பினாங்க. 2010ல இருந்து அங்க பனிப்பொழிவு குறைஞ்சு, வறட்சி வருஷக்கணக்கா நீண்டுச்சு.

அந்த ஊர் மக்களுக்குத் தண்ணி எவ்வளவு பெரிய விஷயம்னு 2019 டிசம்பர்ல தெரிஞ்சது. சுரங்க வேலைக்கு சயனைடு, கந்தக அமிலம் பயன்படுத்தத் தடை போட்ட 2007ஆம் வருஷச் சட்டத்தை மாகாண அரசு தளர்த்திச்சு. ஆயிரக்கணக்கானவங்க தெருவுல இறங்கினாங்க. சில நாள்லயே, அந்த மாசம் முடியறதுக்குள்ள, திருத்தம் வாபஸ் ஆச்சு.

கீழ வெப்பம் கூடக் கூட, இன்னும் உயரமான நிலத்துல நடணும்னு தோணுறது நியாயம்தான். ஆனா பழைய வாய்க்கால் எட்டாத மேட்டு நிலத்துல பெரும்பாலும் கிணறு தோண்டி, சொட்டு நீர்ப் பாசனம்தான். சொட்டு நீர்ல செலவு குறையும், உண்மை. ஆனா அந்த நிலத்தடி நீரும் அதே பனியில இருந்து ஊறினதுதான். மேல அதிகமா இழுத்தா கீழ இருக்கிற விவசாயிக்குக் குறையும். உயரம் வெப்பத்துக்கு ஒரு பதில். தண்ணிக்கு அது பதில் இல்ல.

ஆக, அந்த லேபிள் சும்மா இல்ல, அதுக்குள்ள அறிவியல் இருக்கு. ஆனா எத்தனை மீட்டருக்கு மேல இருந்தா ‘ஹை ஆல்டிட்யூட்’னு போடலாம்னு உலகம் முழுக்கப் பொதுவான சட்டம் கிடையாது. ஐரோப்பாவுல 600 மீட்டரே உயரம், மெண்டோசாவுல அது தரைமட்டம் மாதிரி. அதனால அந்த வார்த்தையைப் பார்த்தா ரெண்டு கேள்வி கேளுங்க. எத்தனை மீட்டர்? தண்ணி எங்கிருந்து? முதல் கேள்விக்குப் பதில் பல பாட்டில்ல அச்சடிச்சே இருக்கும். ரெண்டாவதுக்கு நீங்கதான் தேடணும். தேடிக் கிடைச்சா எனக்கும் எழுதுங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம்.