மண்ணெண்ணெய் அடுப்புகளின் தயாரிப்பாளரை அறிதல்: பொறிப்புச் சான்றுகளின்வழி ஒரு விளக்கம்

முன்னுரை

கடலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றங்கரையில் அமைந்துள்ள புவனகிரியிலும் அதனை அடுத்த சிதம்பரத்திலும், சமையல் எரிவாயு பரவுவதற்கு முன் விறகடுப்போடு மண்ணெண்ணெய் அடுப்பும் புழக்கத்தில் இருந்தது. காற்றழுத்தத்தால் எரிவதைப் பம்பு ஸ்டவ் என்றும் திரியால் எரிவதைத் திரி ஸ்டவ் என்றும் மக்கள் வழங்கினர். இவற்றைச் செய்தவரையும் செய்த காலத்தையும் பொறிப்புகளைக் கொண்டு அறியும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரும் தயாரிப்பாளரும்

சுவீடனைச் சேர்ந்த பிரான்ஸ் வில்கெல்ம் லிண்ட்குவிஸ்ட் 1892இல் உருவாக்கிய பிரைமஸ் அடுப்பு, பம்பு ஸ்டவ்வின் முன்னோடியாகும். மண்ணெண்ணெயை ஆவியாக்கி எரிப்பதால் இதில் பாத்திரத்தில் கரி படிவது குறைந்தது. ஆப்டிமஸ், ரேடியஸ் முதலிய அடுப்புகளும் அந்நாட்டிலேயே தோன்றின. பலரும் ஒரே அமைப்பைப் பின்பற்றியமையால், வடிவத்தை மட்டும் கொண்டு தயாரிப்பாளரைத் துணிய இயலாது. வணிகப் பெயரும் முழுச்சான்றாகாது. நூதன் திரி ஸ்டவ்வை வடிவமைத்தது இந்தியன் ஆயில் நிறுவனம். அதனைச் செய்தவர்களோ உரிமம் பெற்ற தயாரிப்பாளர்கள்.

மூவகைச் சான்றுகள்

முதலாவது, எண்ணெய்த் தொட்டியின் முத்திரை. பிரைமஸ் நிறுவனம் 1911 முதல் ஆண்டைக் குறிக்க ஆங்கில எழுத்துகளைப் பொறித்தது. 'ஏ' என்பது 1911ஐக் குறிக்கும். பர்னரில் வேறு பெயர் இருப்பின் தொட்டியின் பெயரையே முதன்மையாகக் கொள்ள வேண்டும். பர்னர் பழுதானால் மாற்றப்படும் உறுப்பாகும்.

இரண்டாவது, ஐ.எஸ்.ஐ. முத்திரை. இது 1952ஆம் ஆண்டுச் சான்றுக்குறிச் சட்டத்தின்வழி வந்தது. எனவே இம்முத்திரை உள்ள அடுப்பு அதற்கு முற்பட்டதன்று. 1987இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் செயற்பட்ட பின்னரும் இம்முத்திரை தொடர்ந்தமையால், இதனைக் கொண்டு பின்னெல்லையை வரையறுக்க இயலாது. முத்திரையோடுள்ள உரிம எண், பெயர் தெரியாத தயாரிப்பாளரையும் காட்டவல்லது.

மூன்றாவது, வீட்டார் வெட்டுவித்த பெயரும் தேதியும். சீர்வரிசைப் பாத்திரங்களில் பெயர் வெட்டும் வழக்கம் அடுப்பிலும் காணப்படின், அத்தேதிக்குள் அப்பொருள் வீட்டிற்கு வந்துவிட்டது என்பது தெளிவு. ஆயின் அப்பெயரைத் தயாரிப்பாளர் பெயராக மயங்கலாகாது.

முடிவுரை

முத்திரை தொடக்க எல்லையையும் வெட்டிய தேதி இறுதி எல்லையையும் தருவதால், இரண்டையும் இணைத்தே காலத்தைக் கணிக்க வேண்டும். பித்தளைத் தொட்டி பழைய பாத்திரமாக எடைக்குப் போய் உருக்கப்படும்போது இச்சான்றுகள் அனைத்தும் ஒருசேர அழிகின்றன. ஆகவே அடுப்பைத் துலக்குவதற்கும் விற்பதற்கும் முன் பொறிப்புகளைப் படியெடுத்தல், சமையலறைப் புழங்குபொருள் வரலாற்றுக்கு இன்றியமையாத முதற்பணியாகும்.