இராமேசுவரத்தில் நான்கு நாள்

ஓய்வு என்றதும் நம்மவரின் மனக்கண்முன் தோன்றுவன மலைவாசமும் மாளிகையுமேயாம். அன்னிய ஆட்சியில் அதிகாரிகள் கோடை வந்ததும் உதகைக்கும் ஏற்காட்டுக்கும் ஏறினர். அவர்கள் போய்ப் பல்லாண்டுகளாகியும், இளைப்பாறுதல் செல்வர்க்கே உரியது என்ற எண்ணம் நம்மை விட்டுப் போகவில்லை. சேலத்துத் தறிக்குழியில் கால் மரத்துப்போக உழைக்கும் நெசவாளிக்கும், நாமக்கல் லாரியை வடகோடிவரை ஓட்டிச் சென்று திரும்பும் ஓட்டுநருக்கும், திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு தேசமெங்கும் ஆழ்குழாய்க் கிணறு தோண்டித் திரியும் தொழிலாளிக்கும் ஓய்வு வேண்டாமா?

நம் முன்னோர் அவர்களைக் கைவிட்டாரல்லர். ஏழையின் ஓய்வுக்கு அவர்கள் யாத்திரை என்று பெயரிட்டனர். சேது யாத்திரை செல்வோருக்காகச் சேதுபதி மன்னர்கள் வழியில் சத்திரங்கள் சமைத்தனர். இராமேசுவரத் தீவிலேயே நகரத்தாரும், வடநாட்டு வணிகரும், பல மடத்தாரும் விடுதிகள் அமைத்தனர். கையில் சில நூறு ரூபாயே உடையவனும் கடற்காற்றில் கண்ணயர இடம் உண்டு என்பதே இத்தருமத்தின் சாரம்.

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூருக்கு 2013-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அப்பால் திருச்சி, மானாமதுரை, இராமநாதபுரம் என்று வழி நீள்கிறது. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் உழைத்து ஓய்ந்தது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பெற்றது. இரு புறமும் நீலக்கடல் விரிய, வண்டி அதன்மீது ஊர்ந்து செல்கையிலேயே சமவெளிவாசியின் மனச்சுமை பாதி இறங்கிவிடும்.

ஆனால் இன்று நம்மவர் செய்வதென்ன? இரவெல்லாம் பயணம், விடியலில் இருபத்திரண்டு தீர்த்தங்களில் நீராட்டம், தரிசனம், நண்பகலில் தனுஷ்கோடி, மாலையில் ஊர் திரும்பல். இது ஓய்வன்று, இதுவும் ஒரு வேலையே.

நான்கு நாள் தங்கிப் பாருங்கள். அதிகாலையில் அலையற்ற அக்கினி தீர்த்தக் கரையில் அமர்ந்திருக்கலாம். பகல் வெயிலில் திருக்கோயிலின் நெடும் பிராகாரத்து நிழலில் மெல்ல உலாவலாம். மாலையில் கந்தமாதன பர்வதம் ஏறினால் தீவு முழுதும் கண்ணுக்குள் அடங்கும். மற்றொரு நாள் தனுஷ்கோடிக்குச் செல்லுங்கள். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த அவ்வூரின் இடிந்த சுவர்களைக் கண்டு, அரிச்சல்முனை வரை போகலாம். ஒருபுறம் அமைதியான பெண்கடல். மறுபுறம் ஆர்ப்பரிக்கும் ஆண்கடல். இவற்றில் எதற்கும் பெருஞ்செலவில்லை, வேண்டுவது அவகாசமே.

வேலையை விட்டு நான்கு நாள் இருப்பது சோம்பலாகாதா என்று நம் தேசத்தொண்டரே வினவக்கூடும். அக்கடலே விடை கூறும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் கீழைக்கடலில் விசைப்படகுகள் மீன்பிடிக்கலாகாதென்பது சட்டம். மீனினம் பெருகக் கடலுக்கு ஓய்வு வேண்டுமென்று அரசாங்கமே ஒப்புக்கொண்டிருக்கிறது. கடலுக்கு வேண்டிய ஓய்வு மனிதனுக்கு வேண்டாவோ?

அங்குத் தங்குவோர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். நமக்கு இளைப்பாறும் இடமாகிய அத்தீவு, செம்படவ சகோதரருக்கு உயிரைப் பணயம் வைத்து உழைக்கும் களம். கடலுக்குச் சென்றோர் இலங்கைக் கடற்படையிடம் சிறைப்பட்டு, அவர்தம் குடும்பம் கரையில் கலங்கி நிற்பதும் அங்கு வழக்கமாகிவிட்டது. அம்மக்களின் துயரைக் கேட்டறிந்து திரும்புவதும் யாத்திரையின் ஒரு பகுதியே.

1897 ஜனவரியில் விவேகாநந்த சுவாமிகள் பாம்பனில் கரையிறங்கி, இராமேசுவரத் திருக்கோயிலில் பேசுகையில், ஏழையிடத்தும் பிணியாளனிடத்தும் சிவனைக் காண்பதே மெய்யான வழிபாடு என்று உபதேசித்தார். அத்தலத்தில் ஏழைக்குத் தங்க இடமில்லை என்ற நிலை வருமாயின், அதைவிடப் பெரிய இழுக்கு வேறில்லை. கூட்டம் பெருகப் பெருக அறை வாடகையும் ஏறுகிறது. பழைய சத்திரங்கள் பழுதுற்று மறையாமல் காப்பதும், தொழிலாளர் குடும்பங்கள் குறைந்த வாடகையில் தங்கப் புதிய விடுதிகள் எழுப்புவதும் அரசாங்கத்தின் கடமை. அதை வற்புறுத்துவது நம் கடமை.

சேலத்துத் தறி நான்கு நாள் நின்றால் நாடு நின்றுவிடாது. நெய்தவன் நலமாய்த் திரும்பினால் தறியும் நன்றாய் ஓடும்.